என் தெருவில் என்னை யாருக்கும் தெரியாது என்ற அறிக்கை குறித்து

அனுப்புநர்:
மா. கதிர்,
த/பெ. மாரப்பன்,
கல்லுப்பள்ளம் காலனி,
தொண்டாமுத்தூர் வழி,
கோயம்புத்தூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
மாவட்டக் காவல் அலுவலகம்,
கோயம்புத்தூர்.

பொருள்: இரண்டாம் நிலைக் காவலர் பணிக்குத் தேர்வு பெற்றும், நன்னடத்தை விசாரணை அறிக்கையின் காரணமாகப் பயிற்சிக்கு அனுப்பப்படாமல் இருப்பது – மறுவிசாரணை வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தேர்வு பெற்றதற்கான கடிதமும், நியமனம் நிறுத்திவைக்கப்பட்டதற்கான கடிதமும் (நகல்கள் இணைக்கப்பட்டுள்ளன).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த மனு நீளமாகத்தான் இருக்கும். முதலில் அரைப் பக்கத்தில் எழுதிக்கொண்டு அலைந்தேன். வாங்கிப் பார்த்தவர்கள் எல்லோரும் விவரமாக எழுதிக்கொண்டு வா என்றார்கள். ஆகவே விவரமாக எழுதுகிறேன். ஆட்கள் பேசியதை எங்கள் பக்கத்துப் பேச்சிலேயே கொடுத்திருக்கிறேன். அதைத் திருத்தி எழுதியதால்தான் காரியம் இவ்வளவு தூரம் கெட்டது.

1. நான் தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்பணியாளர் பிரிவில் படித்துத் தேறியவன். கணபதியில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் மோட்டார் வைண்டிங் பிரிவில் வேலை பார்த்தேன். சென்ற ஆண்டு இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு விண்ணப்பித்தேன். எழுத்துத் தேர்வு, ஓட்டம், நீளம் தாண்டுதல், கயிறு ஏறுதல், மார்பளவு, நேர்முகம், மருத்துவப் பரிசோதனை எல்லாவற்றிலும் தேறினேன். கயிற்றிலிருந்து இறங்கும்போது உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. தேர்வுக் கடிதம் வந்த பிறகு அது வலித்ததாக நினைவில்லை. மீதமிருந்தது ஒன்றே ஒன்று. நான் எப்படிப்பட்டவன் என்று என் ஊரில் கேட்டு, உள்ளூர்க் காவல் நிலையம் அறிக்கை அனுப்ப வேண்டும். இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று கம்பெனி வேலையை விட்டுவிட்டேன். அவசரப்பட்டது என் தப்பு. அதற்கு நான் யாரையும் குறை சொல்லவில்லை.

2. என்னோடு தேறியவர்கள் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்துவிட்டார்கள். எனக்கு மட்டும் நியமனத்தை நிறுத்திவைத்திருப்பதாகக் கடிதம் வந்தது. முன்னடத்தை பற்றிய அறிக்கை திருப்திகரமாக இல்லை என்பது காரணம். என்மேல் வழக்கு எதுவும் கிடையாது. குடிப்பழக்கம் இல்லை. சீட்டாட்டம் இல்லை. எந்தக் கட்சிக்கும் கொடி பிடித்ததில்லை. பிறகு எது திருப்தியில்லை என்று கேட்க எங்கள் எல்லைக் காவல் நிலையத்துக்குப் போனேன். அங்கே தலைமைக் காவலராக இருக்கும் திரு. சீனிவாசலு என்பவர் என்னை உட்காரச் சொன்னார். உட்காரச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவர் சொன்னது இது:

"ஏப்பா, நீ எந்த ஊருன்னு உனக்காவது தெரியுமா? எதுத்த ஊட்டுக்காரன் நீ திருப்பூருக்குப் போயி அஞ்சாறு வருசமாச்சுங்கறான். கடைக்கார அம்மா நீ செத்தே போயிட்டீங்குது. நாங்க உன்னை ட்ரெய்னிங்குக்கு அனுப்பறதா, கருமாதிக்கு அனுப்பறதா?"

பக்கத்தில் இருந்த காவலர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது என்பதை மறைக்கவில்லை. அந்தச் சிரிப்பு நிலையத்து வாசல் வரைக்கும்தான் வந்தது.

3. விசாரணைக்குக் காவலர் வந்த அன்று நான் காந்திபுரத்தில் இருந்தேன். பயிற்சிப் பள்ளிக்குத் தகரப் பெட்டியும் கேன்வாஸ் ஷூவும் கொண்டுபோக வேண்டும் என்று சொன்னதால் அவற்றை வாங்கப் போயிருந்தேன். காவலர் சாதாரண உடையில் வந்திருக்கிறார். சட்டை சாதாரணம்தான். முடிவெட்டும் காலில் இருந்த பூட்ஸும் சாதாரணம் இல்லை. அவர் வண்டியை ஸ்டாண்டு போடுவதற்குள் தெருக்கோடி வரைக்கும் சேதி போய்விட்டது.

தெருமுனையில் முத்தாத்தாள் என்ற அம்மாள் பெட்டிக்கடை வைத்திருக்கிறார். காவலர் அவரிடம், "கதிர்ங்கறவன் ஊடு எது?" என்று கேட்டிருக்கிறார். எதற்காகக் கேட்கிறார் என்று சொல்லவில்லை. முத்தாத்தாள் ஸ்டூலை எடுத்துப் போட்டு, "உக்காருங்க கண்ணு, வெயில்ல வந்துருக்கறீங்க" என்று டம்ளரில் மோர் ஊற்றி நீட்டினார். அவர் அந்த டம்ளரைத் தொடவில்லை. மறுபடியும் கேட்டார். "கதிரா? அப்படி இங்க யாரும் இல்லீங்களே. மேக்கால தோட்டத்துல ஒரு கதிரு இருந்தான். பாவம், காமாலையில போயிட்டானுங்க. நல்ல பையனுங்க" என்றார் முத்தாத்தாள். நான் தவழும் காலத்தில் அந்தக் கடைச் சாக்கின்மேல்தான் தூங்குவேனாம். இதை அந்த அம்மாளே ஊரெல்லாம் சொல்வார்.

ஐயா, இது எங்கள் தெருவின் வழக்கம். காவலர் யாராவது வந்து ஒரு பெயரைச் சொல்லிக் கேட்டால் உட்கார ஸ்டூல் உண்டு, குடிக்க மோர் உண்டு, வாய்க்கு வாய் 'ங்க' உண்டு. கேட்ட பெயர் மட்டும் எங்கள் தெருவில் இருக்காது. யாரும் கூடிப் பேசி முடிவு செய்ததல்ல. தானாக அமைந்தது.

4. அடுத்து எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். என் தந்தை தென்னந்தோப்பில் இராக்காவல் வேலை செய்கிறார். யானை இறங்கினால் வெடி போட்டு விரட்டுவது அவர் வேலை. ஆகவே பகலில் தூங்குவார். அன்றும் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற என் தாயாரிடம் காவலர் கேட்டதையும் அவர் சொன்னதையும் எதிர்வீட்டிலிருந்து கேட்டவர்கள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"கதிர் இருக்கறானா?"

"அப்படி யாரும் இல்லீங்க சாமி."

"இது மாரப்பன் ஊடுதானே?"

"மாரப்பனுங்களா? தெரியலீங்களே."

அந்த நேரம் பார்த்து உள்ளே என் தந்தை குறட்டை விட்டிருக்கிறார். அவருடைய குறட்டை சுமாரான குறட்டை இல்லை.

"அப்ப உள்ள யாரு?"

"கன்னுக்குட்டிங்க சாமி. சளி புடிச்சிருக்குதுங்க."

எங்கள் வீட்டில் கன்றுக்குட்டி கிடையாது. காவலர் உள்ளே எட்டிப் பார்க்காமல் போய்விட்டார். பார்த்திருந்தால் அதுவும் ஒரு வரியாக அறிக்கையில் ஏறியிருக்கும். 'மேற்படி முகவரியில் வசிக்கும் பெண்மணி மேற்படி நபரை அறியாதவர்' என்று எழுதியிருப்பதாகத் தலைமைக் காவலர் படித்துக் காட்டினார். அந்தப் பெண்மணி மாசாணியம்மாள். என்னைப் பெற்றவர்.

5. நிலையத்திலிருந்து வந்ததும் சத்தம் போட்டேன். நான் பொறுமைசாலி இல்லை. தெருவில் எல்லோருக்கும் நான் போலீஸ் வேலைக்குத் தேர்வாகியிருப்பது தெரியும். கடிதம் வந்த அன்று முத்தாத்தாள் கடையில் எல்லோருக்கும் கடலை மிட்டாய் கொடுத்தேன். தெரிந்தே எப்படி இல்லை என்று சொன்னாய் என்று தாயாரைக் கேட்டேன். அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"வேலைக்குத்தான் வந்தாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும் கண்ணு? ஊடு எதுன்னுதான் கேட்டாங்க. அன்னிக்கும் அப்படித்தான் கேட்டாங்க."

அன்றைக்கு என்றால் என்றைக்கு என்பதை அடுத்த பத்தியில் சொல்கிறேன். அதைச் சொல்லாமல் என் வழக்கைச் சொல்ல முடியாது. பழைய விஷயத்தைக் கிளறி யார்மேலும் நடவடிக்கை கேட்க இந்த மனுவை எழுதவில்லை. அப்போது நிலையத்தில் இருந்தவர்கள் எல்லோரும் மாறுதலாகிப் போய்விட்டார்கள்.

6. சில ஆண்டுகளுக்கு முன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கிணற்று மோட்டாருக்குப் போகும் கேபிள் திருடுபோயிற்று. எங்கள் தெருவில் பிரான்சிஸ் என்பவர் அப்போது பைப் வேலை செய்துகொண்டிருந்தார். சாதாரண உடையில் இரண்டு பேர் வந்து, தண்ணீர்க் குழாயில் நின்ற என் தாயாரிடம் பிரான்சிஸ் வீடு எது என்று கேட்டார்கள். பைப் வேலைக்குக் கூப்பிட வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, "அந்தப் பச்சைக் கதவுங்க. உள்ளதான் இருக்கறானுங்க. இருங்க, நானே கூப்புடறனுங்க" என்று குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். சட்டை போடக்கூட விடாமல் அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

பிரான்சிஸ் திரும்பி வந்தபோது வலது கை விரல்கள் மடங்கவில்லை. இன்றுவரை மடங்கவில்லை. பைப் ரெஞ்சைப் பிடிக்க முடியாது. அவர் மனைவி மெர்சி உக்கடத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை செய்து குடும்பத்தை நடத்துகிறார். கேபிளைக் கழற்றி விற்றது தோட்டக்காரரின் பங்காளியே என்று பிறகு தெரிந்தது. அவர்களுக்குள் பேசி முடித்துக்கொண்டார்கள். அந்தச் செய்தியைச் சொல்ல மட்டும் எங்கள் தெருவுக்கு யாரும் வரவில்லை.

மெர்சியோ பிரான்சிசோ என் தாயாரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. இன்னும் குழம்பு கொடுத்து வாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் என் தாயார் அதன் பிறகு வெளியாட்களுக்கு யார் வீட்டையும் காட்டியதில்லை. தபால்காரர் புதிதாக வந்தபோதுகூட, "எனக்குத் தெரியாதுங்க, கடையில கேளுங்க" என்றுதான் சொன்னார்.

7. இவ்வளவையும் பார்த்த நீ ஏன் போலீஸ் வேலைக்குப் போகிறாய் என்று தெருவில் எல்லோரும் கேட்டார்கள். தாங்களும் கேட்கலாம். நேர்முகத்தில் கேட்டபோது நாட்டுக்குச் சேவை என்று சொன்னேன். எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். உள்ள காரணம் வேறு.

கேபிள் போன மறுநாள் நான் அந்த மோட்டார் ரூமுக்குப் போய்ப் பார்த்தேன். அப்போது தொழிற்பயிற்சியில் முதல் வருடம். பூட்டு உடையவில்லை. பியூஸைப் பிடுங்கி ஒழுங்காகத் தட்டின்மேல் வைத்திருந்தது. ஸ்டார்ட்டரில் இருந்த திருகாணிகளைக் கழற்றி, தொலையாமல் ஒரு கொட்டாங்கச்சியில் போட்டு வைத்திருந்தது. சாவி வைத்திருக்கிற, மறுபடி அந்த மோட்டாரை ஓட்டப்போகிற ஆள் செய்த வேலை அது. அந்த ரூமை யாரும் வந்து பார்க்கவில்லை. எங்கள் தொழிலில் பழுது எங்கே என்று பார்த்த பிறகுதான் எதையும் கழற்றுவோம். அன்றைக்கு எடுத்த எடுப்பில் ஆளைக் கழற்றினார்கள்.

ரூமைப் போய்ப் பார்க்கிற ஒருவர் அந்த நிலையத்தில் இருந்திருந்தால் பிரான்சிஸ் இன்றைக்கும் பைப் வேலை செய்துகொண்டிருப்பார். நான் தேர்வு எழுதியதற்குக் காரணம் இவ்வளவுதான். பெரிய இலட்சியம் ஒன்றும் இல்லை.

8. இரண்டாவது விசாரணை என்னால் கெட்டது. மறைக்க விரும்பவில்லை.

தலைமைக் காவலர் நல்ல மனதோடு, இன்னொரு முறை ஆளை அனுப்பச் சொல்லி மேலே எழுதினார். இந்த முறை தவறக் கூடாது என்று நான் ஒரு வேலை செய்தேன். என்னைப் பற்றிச் சொல்ல வேண்டிய வாக்கியங்களை நானே எழுதி, பால்வாடியில் உதவியாளராக இருக்கும் என் தங்கை பொற்கொடியிடம் கொடுத்தேன். பால்வாடிக் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தருவதுபோல அவள் சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில் தெருவுக்கே சொல்லிக்கொடுத்தாள். முத்தாத்தாள் பருப்பு நிறுக்கும்போதும் அதை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

போன முறை வந்த அதே காவலர்தான் வந்தார். கதிரைத் தெரியுமா என்று கேட்டு முடிப்பதற்குள் முத்தாத்தாள் எழுந்து நின்று, "கதிர் நல்லொழுக்கம் உள்ள இளைஞர். எந்தக் குற்ற வழக்கிலும் சம்பந்தப்படாதவர்" என்றார்.

"போன தடவை அவன் செத்துப்போயிட்டான்னியே ஆத்தா?"

"அது வேற கதிருங்க கண்ணு. இது உசுரோட இருக்கற கதிரு."

அடுத்த வீட்டிலும் நல்லொழுக்கம் உள்ள இளைஞர். அதற்கடுத்த வீட்டிலும் குற்ற வழக்கில் சம்பந்தப்படாதவர். எதிர்வீட்டுக்காரர் பாதியில் மறந்துபோய், காவலர் முன்னாலேயே பொற்கொடியைத் திரும்பிப் பார்த்து, "அப்புறம் என்னம்மணி?" என்று கேட்டுவிட்டார்.

பிரான்சிஸ் மட்டும் பொற்கொடியின் பாடத்தைப் படிக்கவில்லை. காவலர் அவரிடம் கேட்டபோது, "நல்ல பையனுங்க. போலீசுக்குப் போகோணும்ங்கறதைத் தவிர வேற கெட்ட பழக்கம் ஒண்ணும் இல்லீங்க" என்றார். காவலர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

என் தாயார் அன்று வீட்டில் இல்லை. காவலர் வருகிறார் என்று தெரிந்ததும் களை வெட்டுக்குப் போய்விட்டார். இருக்கிறான் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. இல்லை என்று சொன்னால் நான் சண்டை போடுவேன். அவர் வேறு என்ன செய்வார்?

தெருவாசிகள் சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கிறார்கள் என்றும், ஒருவர் கெட்ட பழக்கம் இருப்பதாகக் கூறினார் என்றும் இரண்டாவது அறிக்கை போயிருக்கிறது. இரண்டும் நடந்ததுதான். அந்தக் காவலர் இல்லாததை எழுதவில்லை. தலைமைக் காவலர் என்னிடம், "பிரான்சிசு சொன்னது எனக்குப் புரியுதுப்பா. காயிதத்துக்குப் புரியாதே. எளுதினதை இனி நான் அடிச்சு மாத்த முடியாது. நீ மேல எளுதிப் போடு" என்றார். அதனால்தான் தங்களுக்கு எழுதுகிறேன்.

9. இப்போதைய நிலைமை: பக்கத்து ஊர் நண்பர் சசிதர் என்னோடு தேர்வானவர். அவர் வீட்டுக்கும் அதே காவலர்தான் விசாரணைக்குப் போனார். காப்பி குடித்துவிட்டு, வாழ்த்துச் சொல்லிவிட்டு வந்தாராம். சசிதர் இப்போது பயிற்சியில் இருக்கிறார். காலில் கொப்புளம், கவாத்து வாத்தியார் வாயைத் திறந்தால் வசவு, நீ வராததே நல்லது என்று எழுதுகிறார். அந்த வசவை வாங்க முடியவில்லையே என்று எனக்கு இருக்கிறது.

கம்பெனியில் திரும்பப் போய்க் கேட்டேன். என் இடத்துக்கு ஆள் வந்துவிட்டது. "என்னப்பா போலீசு, இன்னும் ஊருக்குள்ளதான் சுத்தறயா?" என்று போர்மேன் கேட்டார். இப்போது உக்கடம் பக்கம் ஒரு வைண்டிங் கடையில் வேலை வந்தால் கூப்பிடுகிறார்கள். உடம்பு விட்டுப்போகக் கூடாது என்று காலையில் வாய்க்கால் மேட்டில் ஓடுவதை மட்டும் நிறுத்தவில்லை. "இன்னும் எதுக்குடா ஓடறே? யாரு தொரத்தறா?" என்று முத்தாத்தாள் கேட்கிறார். கேட்பதில் கெடுதல் எண்ணம் இல்லை. ஆனால் தினமும் கேட்கிறார்.

அடுத்த அணி பயிற்சிக்குச் சேரப்போவதாகச் சொல்கிறார்கள். அதிலும் விடுபட்டால் இந்தத் தேர்வுப் பட்டியல் காலாவதியாகிவிடும். மறுபடி விண்ணப்பிக்க எனக்கு வயது இடம் கொடுக்காது. எழுத்துத் தேர்விலோ ஓட்டத்திலோ தோற்றிருந்தால் வாயை மூடிக்கொண்டு போயிருப்பேன். என்னை விரும்புகிறவர்கள் பேசிய பேச்சால் தோற்பதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர்கள்மேல் கோபப்பட்டுப் பார்த்தேன். அதுவும் முடிந்துபோயிற்று. என்னைத் தெரியாது என்று சொன்ன ஒவ்வொரு வீட்டிலும் நான் சாப்பிட்டிருக்கிறேன்.

10. நான் வேண்டுவது இது.

மூன்றாவது முறையாக ஒரு விசாரணைக்கு உத்தரவிட வேண்டும். வருகிறவர் சீருடையில் வர வேண்டும். எங்கள் தெருவுக்குச் சீருடையைக் கண்டும் பயம்தான், ஆனால் ஒளித்துக்கொண்டு வருகிறவரைக் கண்டால் இன்னும் பயம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஆட்கள் இருப்பார்கள். மற்ற நாளில் கூலிக்குப் போய்விடுவார்கள். வருகிறவர் வீடு எது என்று கேட்பதற்கு முன்னால், எதற்காகக் கேட்கிறேன் என்பதைச் சொல்ல வேண்டும். 'அந்தப் பையனுக்கு வேலை கொடுப்பதற்காகக் கேட்கிறோம்' என்று ஒரு வாக்கியம் போதும். எங்கள் தெருவில் இதுவரை எந்தக் காவலரும் அந்த வாக்கியத்தைச் சொன்னதில்லை.

இதை உள்ளூர் நிலையத்தின்மேல் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மீட்டரில் தாறுமாறாக அளவு காட்டினால் மோட்டாரைத் தூக்கி எறிவதற்கு முன் மீட்டரை ஒருமுறை சோதித்துப் பார்ப்போம். அதற்காக மீட்டர் கோபித்துக்கொள்ளாது. நிலையமும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

இந்த முறை நான் யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. பொற்கொடியையும் சும்மா இருக்கச் சொல்லிவிட்டேன். பிரான்சிஸ் மறுபடியும் கிண்டல் செய்வார். அது அவருக்கு உரிமையுள்ள கிண்டல். என் தாயார் என்ன சொல்வார் என்று எனக்கே தெரியாது. நேற்று ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். "நீ போலீசே ஆனாலும், போலீசு உன்னைத் தேடி வந்தா இல்லைன்னுதான் சொல்லுவேன் கண்ணு. போயி உன்ற மேலதிகாரிகிட்டச் சொல்லிப்போடு" என்றார். சொல்லிவிட்டேன். அவர் அப்படியே சொன்னாலும் அதை என் நடத்தைக்கு எதிராக எழுதாமல் இருக்க உத்தரவிட வேண்டும்.

ஐயா, நான் பணியில் சேர்ந்தால் என்றாவது ஒருநாள் என்னையும் இப்படி ஒரு தெருவுக்கு விசாரணைக்கு அனுப்புவார்கள். அங்கும் வாசலில் ஒரு தாய் நின்றுகொண்டு, அப்படி யாரும் இல்லீங்க சாமி என்பார். அவர் கொடுக்கும் மோரைக் குடித்துவிட்டு, எதற்கு வந்தேன் என்று சொல்லிவிட்டு, அவர் மறுபடி வாயைத் திறக்கும்வரை என்னால் உட்கார்ந்திருக்க முடியும். வேறு எதில் பொறுமை இல்லாவிட்டாலும் அதில் எனக்குப் பொறுமை இருக்கிறது. அப்படிப்பட்ட ஆள் துறைக்கு வேண்டும் என்று தாங்கள் நினைத்தால் என்னை அடுத்த அணியில் சேர்த்துக்கொள்ள உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். வேண்டாம் என்றால் அதையும் ஒரு வரியில் எழுதித் தெரிவித்துவிடுங்கள். காலையில் ஓடுவதை நிறுத்திக்கொள்கிறேன்.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,

(ஒப்பம்)
மா. கதிர்

இடம்: கல்லுப்பள்ளம் காலனி
நாள்: 17.6.1996